சரக்கும் பயணியும்: நிலவுக் குடியேற்றப் புனைவுகளும் மலாயாத் தமிழர் கடற்பயணமும்

முன்னுரை

நிலவில் மனிதர் நிலையாகத் தங்கி வாழ்வதற்கான குடியிருப்புத் திட்டங்கள் இன்று அரசுகளாலும் தனியார் நிறுவனங்களாலும் வெளிப்படையாகப் பேசப்படுகின்றன. 2023 ஆகஸ்டு 23ஆம் நாள் சந்திரயான்-3 நிலவின் தென்துருவப் பகுதியருகே தரையிறங்கியபின், அத்திட்டத்தை இயக்கிய விழுப்புரத்து வீரமுத்துவேலின் பெயரோடு சேர்த்துத் தமிழிலும் இது பற்றிய கட்டுரைகள் பெருகியுள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை கலத்தின் ஆற்றலையும் உந்துபொறியின் திறனையும் விளக்குகின்றன. செல்பவர் யார், எந்த ஒப்பந்தத்தின் பேரில் செல்வர், திரும்பி வர அவருக்கு வழியுண்டா என்பன அவற்றில் இடம்பெறுவது அரிது. குடியேறிகளையும் சரக்கையும் ஒரே கலத்தில் ஏற்றித் தொலைவிலுள்ள நிலத்திற்குக் கொண்டுசென்ற வரலாறு மலேசியத் தமிழர்க்குப் புதிதன்று. அவ்வரலாற்றை எழுதிய நம் புனைவுகளையும், நிலவுப் பயணத்தை எழுதிய மேலைப் புனைவுகள் சிலவற்றையும் இக்கட்டுரை ஒருங்கு வைத்து நோக்குகின்றது. திரும்பி வருவதற்கு வழியிருந்தவரே பயணத்தை எழுதியுள்ளார் என்பதும், வழியற்றவரின் பயணம் இரு இலக்கியங்களிலும் எழுதப்படாமலே போயிற்று என்பதும் இங்கு முன்வைக்கப்படும் கருத்தாகும்.

எடைக்கணக்கு

நிலவுப் போக்குவரத்தின் இலக்கணம் எடையே. நிலவில் காற்று மண்டலம் இல்லாமையால் வான்குடை பயன்படாது. இறங்கும் ஒவ்வொரு கிலோகிராமையும் பொறியை எரித்தே இறக்க வேண்டும். திரும்ப எழுவதற்கான எரிபொருளையும் சுமந்து இறக்க வேண்டும். அப்பல்லோ பயணங்களில் புவியிலிருந்து கிளம்பிய சாட்டர்ன்-5 ஏவுகணையின் மொத்த எடை ஏறத்தாழ 2,900 டன். நிலவின் தரையிலிருந்து இருவரை ஏற்றிக்கொண்டு எழும்பிய மேற்பகுதியின் எடை 5 டன்னுக்கும் குறைவு. இடைப்பட்ட வேறுபாடு முழுவதும், இருவர் சென்று மீள்வதற்குக் கொடுத்த விலை எனலாம். திரும்புதல் என்னும் ஒன்றை நீக்கிவிட்டால் இக்கணக்கு வியக்கத்தக்க அளவு எளிதாகிவிடும். பொறியாளர்க்கு இது தெரியும். சரக்குக் கலங்கள் ஒருவழிக் கலங்களாகவே வடிவமைக்கப்படுவதன் காரணமும் இதுவே.

மனிதரும் இக்கணக்கில் எடையாகவே நுழைகின்றனர். ஒருவர் நாளொன்றுக்கு நுகரும் உயிர்வளி ஏறத்தாழ 0.84 கிலோகிராம், குடிநீர், உலர் உணவு, கழிவு ஆகியவற்றிற்கும் இவ்வாறே அளவுகள் உண்டு. இதனைக் குறை கூறுவது பொருந்தாது. எடை பாராமல் கலம் கட்ட இயலாது. எனினும், இம்மொழி புதியதன்று என்பது நோக்கத்தக்கது. இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச் சென்ற கப்பல்களுக்கான சட்டங்கள், தளத்தில் ஆளுக்கு இத்தனை சதுர அடி என்றும், நாளுக்கு இவ்வளவு நீர், அரிசி, பருப்பு என்றும் வரையறுத்தன. குழந்தைகள் இருவர் சேர்ந்தால் ஒரு முழு ஆள் என்பது அச்சட்டங்களின் கணக்கு. கருணையினாலும் இக்கணக்கு எழுதப்பட்டது என்பதை மறுப்பதற்கில்லை. வழியில் இறப்போர் தொகையைக் குறைப்பதே அதன் நோக்கம். ஆயினும், பயணத்தின் நடுவே ஒருவர் உயிரோடிருக்க என்ன வேண்டும் என்பதை அளந்த சட்டம், பயணத்தின் முடிவில் அவர் யாராக இருப்பார் என்பதைச் சரக்குப் பட்டியலைப் போலவே விட்டுவிட்டது.

இடையே ஒன்று. தனியார் நிலவுக் கலங்களுள் ஒன்றான பெரெக்ரின் 2024 சனவரியில் ஏவப்பட்டது. அதனை உருவாக்கிய அமெரிக்க நிறுவனம், நிலவின் தரைக்கு ஒரு கிலோகிராம் பொருளைக் கொண்டுசேர்க்க 12 இலட்சம் டாலர் என விலை அறிவித்திருந்தது. அதில் ஏற்றப்பட்ட பொருள்களுள் இறந்தோர் சிலரின் சாம்பலும் இருந்தது. நிலவைப் புனிதமாகக் கருதும் நவாஹோ பழங்குடியினர் இதனை வெளிப்படையாக எதிர்த்தனர். கலம் எரிபொருள் கசிவால் நிலவை அடையாமலே, அவ்வாண்டு சனவரி 18ஆம் நாள் பசிபிக் பெருங்கடலின் மேல் எரிந்து முடிந்தது. அக்கலத்தில் மனிதர்க்கு இடம் கிடைத்தது சாம்பலாகவே. அதாவது எடை குறைந்த, மூச்சு விடாத, திரும்பக் கேட்காத வடிவில். நீத்தாரின் சாம்பலைக் கடலில் கரைக்கும் மரபுடைய நமக்கு, அதில் அருவருப்பு தோன்ற வேண்டியதில்லை. ஆனால், அதற்கு இடப்பட்டிருந்த விலைச்சீட்டு கவனத்திற்குரியது.

நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு வரை

பாயான் பாருவின் கிழக்கே, குறுகிய நீரிடையிட்டுக் கிடப்பது ஜெரெஜாக் தீவு. பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை 1972இல் தொடங்கப்பட்டபின் அதனையொட்டி எழுந்த நகரம் பாயான் பாரு. அங்குள்ள அடுக்குமாடி வீடுகளிலிருந்து இத்தீவைக் காண்போருள் எத்தனை பேருக்கு அதன் பழைய பணி தெரியும் என்பது ஐயமே. 19ஆம் நூற்றாண்டில் அங்குத் தொழுநோயாளர் காப்பகம் அமைந்தது. பின்னர்க் கடல்வழி வந்திறங்கிய குடியேறிகளைத் தனிமைப்படுத்தும் நிலையமும் ஏற்பட்டது. 1969 முதல் 1993 வரை அது சிறைத்தீவாக விளங்கியது. நோயாளர், புதிதாக வந்தவர், கைதி ஆகிய மூவரையும் ஒரே தீவு அடுத்தடுத்து ஏற்றிருக்கின்றது. கப்பலிலிருந்து இறங்கியவர் பினாங்கு மண்ணை மிதிக்குமுன் அத்தீவில் தங்கவைக்கப்பட்டு, குளிப்பாட்டப்பட்டு, துணிகள் நச்சு நீக்கப்பட்டு, உடல் சோதிக்கப்பட்டனர். அரிசி மூட்டைக்கு இத்தகைய நிறுத்தம் இல்லை.

இக்கரையிலிருந்து அக்கரையை நோக்கினால் ஆவடியும் நாகப்பட்டினமும் தெரியும். அங்கிருந்த முகாம்களில் ஆள்கள் சேர்க்கப்பட்டனர். முதலில் வந்தது ஒப்பந்த முறை. மூன்றாண்டு உழைப்புக்கு ஒப்பம் இட்டவரின் பயணச்செலவு அவர் தலையிலேயே கடனாக ஏற்றப்பட்டது. பின்னர் அதனோடு கங்காணி முறை போட்டியிட்டு வென்றது. 1907இல் ஏற்பட்ட தமிழர் குடியேற்ற நிதி, தோட்ட முதலாளிகளிடம் வரி திரட்டிப் பயணச்செலவை ஏற்றது. 1910இல் ஒப்பந்த ஆள்சேர்ப்பு நிறுத்தப்பட்டது. நிதி வந்தபின் தொழிலாளர் கடனின்றி இறங்கினர் என்பதை ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டுவர். அது உண்மையே, முன்னேற்றமும் கூட. ஆனால் அந்நிதி வழங்கியது வருவதற்கான வழியை. திரும்புவதற்கான வழி, அதிகாரிகள் விரும்பும்போது அளிக்கும் சலுகையாகவே இருந்தது.

அச்சலுகையின் மறுபக்கம் 1930களின் தொடக்கத்தில் வெளிப்பட்டது. உலகப் பொருளாதார மந்தத்தால் ரப்பர் விலை வீழ்ந்தபோது, இலட்சத்திற்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர் அரசுச் செலவிலேயே கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டனர். ஊர் திரும்ப வேண்டும் என ஏங்கியவர்க்கு ஆண்டுக்கணக்கில் கிட்டாத பயணச்சீட்டு, வேண்டாதவர் ஆனபோது ஒரே நாளில் கிட்டியது. திரும்பும் பயணம் உரிமையாக இல்லாதவிடத்து அது வெளியேற்றும் கருவியாகவும் மாறும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேறில்லை. 1938இல் இந்திய அரசு உதவிபெற்ற தொழிலாளர் குடியேற்றத்தைத் தடைசெய்தபின் இவ்வத்தியாயம் முடிவுற்றது.

கப்பல்கள் தொடர்ந்தன. அவற்றுள் மலேசியத் தமிழர் நினைவில் நிலைத்தது 'ரஜுலா'. 1926இல் கிளாஸ்கோவில் கட்டப்பட்ட இக்கப்பல் 8,000 டன்னைச் சற்றே கடந்தது. ஆனால் ஐயாயிரத்திற்கும் மேற்பட்ட பயணிகளை ஏற்ற உரிமம் பெற்றிருந்தது. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் தளப்பயணிகள். கட்டில் இல்லை, அறை இல்லை. பாய் விரித்த இடமே இடம். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடி, 1973இல் இந்தியக் கப்பல் கழகத்திற்கு விற்கப்பட்டு, அடுத்த ஆண்டு உடைக்கப்பட்டது. அதன்பின் ஓடிய 'சிதம்பரம்' 1985இல் தீவிபத்திற்குள்ளானதோடு இத்தடத்தின் கதை ஏறக்குறைய நின்றது.

கடலை எழுதியவர் யார்?

நம் இலக்கியத்தில் கப்பலும் துறைமுகமும் தொன்மையானவை. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் இறங்கிய பொருள்களை நிரல்படக் கூறி, அவற்றிற்குப் புலிப்பொறி இடப்பட்டதையும் சொல்கின்றது. அதில் வரும் காழகத்தைக் கடாரம் எனக் கொண்டார் நச்சினார்க்கினியர். அக்கடாரம் பினாங்குக்கு எதிர்க்கரையே. புலம்பெயர்ந்த பல மொழியினர் அந்நகரில் கலந்து இனிது உறைந்தனர் என்பதையும் அப்பாட்டு கூறத் தவறவில்லை. ஆனால் பொருள்கள் வந்த வழி விளக்கப்படுவது போல் மனிதர் வந்த வழி விளக்கப்படவில்லை. இதனைக் குறையாகச் சொல்லவில்லை. தொடக்கம் முதலே உள்ள ஒரு சாய்வாகக் குறிப்பிடுகின்றேன்.

இச்சாய்வு மலேசியத் தமிழ் நாவல்களிலும் தொடர்கின்றது. தோட்டப்புற வாழ்வைப் பாடுபொருளாகக் கொண்ட நாவல்கள் பலவற்றில் கப்பற்பயணம் ஒரு முன்னுரையாகச் சுருங்கிவிடுகின்றது. கங்காணியின் ஆசைவார்த்தை, முகாம், வாந்தி, கரை எனச் சில பக்கங்களில் கடல் கடக்கப்படுகின்றது. தோட்டமே கதை, கடல் அதன் வாயிற்படி. இதற்கு எழுத்தாளரின் திறன் குறைவு காரணமாகாது. கடந்து வந்தவர் எழுத்தறிவற்றவர். எழுத வந்த தலைமுறை இங்கேயே பிறந்தது. இடையிலிருந்த வாய்மொழி தோட்டப் பாடல்களில் ஓரளவு தங்கியது. எஞ்சியது முதியோரோடு போயிற்று. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' (1993) இவ்வகையில் வேறுபட்டது எனலாம். அதன் பேசுபொருளான வரலாறே, தோட்டத் தமிழரை ஜப்பானியர் சரக்குப் பெட்டிகளில் அடைத்துச் சென்றதாகும். அவ்வரலாற்றில் பயணமே கொடுமையின் தொடக்கமாதலால் அதனைத் தாண்டிச் செல்ல இயலாது.

இதற்கு நேர்மாறாக நிற்பவர் ப. சிங்காரம். 'கடலுக்கு அப்பால்' (1959) பினாங்கைக் களமாகக் கொண்டது. 'புயலிலே ஒரு தோணி' (1972) மேடானையும் பினாங்கையும் இணைக்கின்றது. பின்னதில் சரக்குத் தோணியில் நீரிணையைக் கடக்கும் தமிழர் புயலில் அகப்படும் பகுதி, தமிழ் உரைநடையில் கடலை நேர்நின்று எழுதிய அரிய பகுதிகளுள் ஒன்று. தலைப்பும் அதிலிருந்தே பிறந்தது. சிங்காரத்தின் தனித்திறன் ஐயத்திற்கிடமற்றது. எனினும் அத்திறன் மட்டுமே இதற்கு விளக்கமாகாது. அவர் எழுதியது வட்டிக்கடையிலும் வணிகக் கடையிலும் பணிபுரிந்தோரின் உலகத்தை. அவரும் இளமையில் மேடானுக்கு வேலைக்குச் சென்றவர். பின்னர் ஊர் திரும்பி மதுரையில் வாழ்ந்தவர். நகரத்தார் கடைகளில் மேலாளும் அடுத்தாளும் மூன்றாண்டுத் தவணைக்கு வருவர். தவணை முடிந்ததும் ஊர் சென்று தங்குவர். தோட்டத்து ஒப்பந்தக் கூலிக்கு விதிக்கப்பட்டதும் மூன்றாண்டே. கடல் ஒன்று, தவணையும் ஏறத்தாழ ஒன்று. ஒருவர்க்கு அத்தவணையின் இறுதியில் ஊர் இருந்தது. மற்றவர்க்குக் கடன் இருந்தது. சிங்காரத்தின் நாவல்களில் மதுரைத் தெருக்களும் சின்னமங்கலமும் இடைவிடாது வந்துபோவதற்கு இதுவே அடிப்படை என்பது என் கருத்து. திரும்பக்கூடியவனின் நினைவே இவ்வாறு இருபுறமும் ஓடும். பாண்டியன் இறுதியில் திரும்புவதில்லை என்பது உண்மை. ஆனால் அவன் திரும்பாமை அவலமாக உணரப்படுவதற்குக் காரணம், திரும்புதல் அவன் உலகில் இயல்பாயிருந்தமையே. தோட்ட நாவலில் யாரும் திரும்பாமை அவலமாகக்கூடச் சுட்டப்படுவதில்லை.

நிலவுக்குச் சென்றோர் கதை

மேலைப் புனைவுகளிலும் இதே அமைப்பைக் காணலாம். ஜூல்ஸ் வெர்ன் 1865இல் எழுதிய நாவலில், பீரங்கிக் குண்டுக்குள் அமர்ந்து நிலவுக்குச் செல்ல முன்வரும் பிரெஞ்சுக்காரர், எவ்வாறு திரும்புவீர் என்னும் வினாவிற்குத் திரும்பப் போவதில்லை என்றே விடையளிக்கின்றார். வீரமொழிதான். ஆனால் 1870இல் வந்த தொடர்ச்சியில் வெர்ன் அவர்களை நிலவில் இறக்கவில்லை. நிலவைச் சுற்றவைத்துப் பசிபிக் கடலில் பாதுகாப்பாக விழச்செய்கின்றார். திரும்பாதவரின் கதையைத் தொடர அவருக்கு வழி புலப்படவில்லை போலும். எச்.ஜி. வெல்ஸ் 1901இல் வெளியிட்ட நாவல் இன்னும் கூர்மையானது. இருவர் செல்கின்றனர், பெட்ஃபோர்டு திரும்பி வந்து கதையைச் சொல்கின்றான், கேவர் அங்கேயே தங்கிவிட நேர்கின்றது. கேவரின் குரல் கம்பியில்லாச் செய்திகளாக விட்டுவிட்டு வந்து, இடையிலேயே அறுபட்டுவிடுகின்றது. தங்கியவன் துண்டுகளாகவே கிடைக்கின்றான்.

குடியேற்றத்தை நேராக எடுத்துக்கொண்டது ராபர்ட் ஹைன்லைனின் 'தி மூன் இஸ் எ ஹார்ஷ் மிஸ்ட்ரஸ்' (1966). இந்நாவல் தமிழ் வாசகரால் அதிகம் பேசப்படாதது; ஆனால் மலேசியத் தமிழர்க்கு இதனினும் நெருங்கிய அறிவியல் புனைகதை இல்லை எனத் துணிந்து கூறலாம். அதில் நிலவு ஒரு தண்டனைக் குடியிருப்பு. கைதிகளும் அவர்தம் வழித்தோன்றல்களும் நிலத்தடியில் பனிக்கட்டியை வெட்டியெடுத்துக் கோதுமை விளைவிக்கின்றனர். விளைச்சல் மின்காந்தக் கவண்பொறியால் புவிக்கு எறியப்படுகின்றது, இறங்குமிடம் இந்தியப் பெருங்கடல், உண்போர் இந்தியர். சரக்கு தடையின்றிப் புவிக்குச் செல்கின்றது. ஆனால் நிலவின் ஆறில் ஒரு பங்கு ஈர்ப்பில் சில திங்கள் வாழ்ந்தவரின் உடல் புவியின் எடையைத் தாங்காது. தண்டனைக்காலம் முடிந்தாலும் திரும்ப இயலாது. சட்டம் கட்டாத விலங்கை உடல் கட்டிவிடுகின்றது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து இந்தியக் கைதிகளை ஏற்றுச் சாலையும் கட்டடமும் எழுப்பிய பினாங்கிலிருந்து வாசிக்கையில் இதில் கற்பனையின் பங்கு குறைவாகவே தோன்றுகின்றது.

இது வெறும் புனைவு என ஒதுக்குவதற்குமில்லை. எடையற்ற நிலையில் வாழும் விண்வெளி வீரர்க்கு, உடலைத் தாங்கும் எலும்புகளின் அடர்த்தி திங்களுக்கு 1 முதல் 1.5 விழுக்காடு வரை குறைவது அறியப்பட்டதே. 1969க்கும் 1972க்கும் இடையில் நிலவில் நடந்தோர் பன்னிருவர். அவர்களுள் மிக நீண்ட காலம் தங்கியோர் தங்கியது ஏறத்தாழ 75 மணிநேரம். ஆண்டுக்கணக்கில் வாழ்வோர் உடலைப் பற்றியும், அங்குப் பிறக்கும் குழந்தையைப் பற்றியும் பேச அந்த 75 மணிநேரம் போதாது.

நாவலின் பேராசிரியர் பாத்திரம் ஒரு கணக்கை முன்வைக்கின்றது. ஏற்றுமதியாகும் ஒவ்வொரு டன் தானியத்தோடும் நிலவின் நீர் வெளியேறுகின்றது. ஈடாக எதுவும் வருவதில்லை. சில ஆண்டுகளில் பஞ்சம் உறுதி. ஆகவே டன்னுக்கு டன் திருப்பியனுப்புக என்பது அவர் கோரிக்கை. குடியேற்றப் பொருளாதாரத்தை இத்துணைச் சுருக்கமாகச் சொன்ன புனைவு அரிது. இதைவிட ஆழமானது ஒரு நிகழ்ச்சி. கோரிக்கையை எடுத்துரைக்கப் புவிக்கு வர வேண்டிய கதைசொல்லி மேனுவலும் பேராசிரியரும் தானியக் கலத்திற்குள் சரக்காகவே மறைந்து வருகின்றனர். பின்னர் ஆக்ராவில் உலக நாடுகளின் முன் பேசுகின்றனர். மனிதராகப் பேச அவர்கள் முதலில் மூட்டையாக வேண்டியிருந்தது.

எனினும் ஹைன்லைனை முழுமையாக ஏற்றல் இயலாது. ஆண்கள் மிகுந்து பெண்கள் அருகிய சமுதாயத்தில் பெண்ணுக்கு மதிப்பும் தேர்வுரிமையும் தாமே வளரும் என்று அவர் மகிழ்ச்சியோடு எழுதுகின்றார். மலாயாத் தோட்டங்களிலும் பெண்கள் அருகியே இருந்தனர். அவ்வருமை அவர்களுக்கு அதிகாரத்தைத் தரவில்லை. கங்காணியின் கண்ணையும் துரையின் கண்ணையும் ஈர்த்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தை எழுதிய புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி'யில் வரும் மருதியை ஹைன்லைனின் பெண்களருகே நிறுத்தினால், பின்னவர் வாழ்வது எவ்வளவு சொகுசான கற்பனை என்பது விளங்கும். மற்றொன்று: விடுதலையைச் சாத்தியமாக்குவது பேசும் கணிப்பொறி ஒன்று. அடிமைப்பட்ட மக்களின் அமைப்புத்திறனை எழுத வேண்டிய இடத்தில் பொறி வந்து அமர்ந்துகொண்டது. தொழிற்சங்க வரலாறு அறிந்தவர்க்கு இவ்வெளிமை உறுத்தும்.

எழுதப்பட வேண்டியவை

சட்டத்தின் நிலையும் இங்குச் சுட்டத்தக்கது. 1967ஆம் ஆண்டு விண்வெளி ஒப்பந்தம் நிலவை எந்நாடும் தனதாக்கக் கூடாதென்கின்றது. விண்வெளி வீரரை மனிதகுலத்தின் தூதராகக் கருதுகின்றது. 1968ஆம் ஆண்டு மீட்பு ஒப்பந்தம் வழிதவறி இறங்கிய வீரரை, ஏவிய நாட்டின் அல்லது அமைப்பின் பேராளரிடம் ஒப்படைக்கச் சொல்கின்றது. இரண்டும் நல்லனவே. ஆனால் தூதர் என்பவர் கூலிக்கு வேலை செய்யும் குடியேறி அல்லர். ஏவியவரே வேலை தருபவராகவும், காற்றும் நீரும் விற்பவராகவும் இருக்குமிடத்து, ஏவியவரிடமே திருப்பி ஒப்படைப்பது மீட்பாகுமா என்பது அவ்வொப்பந்தங்கள் எழுதப்பட்டபோது எழாத வினா. 2024இல் நாசா, நிலவில் வாழ்விடத்தையும் ஊர்தியையும் இறக்குவதற்கான பெரிய சரக்குக் கலங்களை இரு தனியார் நிறுவனங்களிடம் ஒப்படைக்கும் எண்ணத்தை அறிவித்தது. வீடு முதலில் செல்கின்றது, சரக்காக. ஆவடி முகாமிலும் தோட்டத்து லயத்திலும் இதே வரிசைதான். ஆள் வருமுன் அவருக்கான அளவு தயாராயிருந்தது.

தமிழாசிரியர்களுக்கு இதில் பணி உண்டு. தமிழ்ப்பள்ளிகளில் தன்கதைக் கட்டுரை என்னும் வகை நெடுங்காலமாகப் பயிற்றப்படுகின்றது. மாணவர் பேனாவாகவும் குடையாகவும் பேசுவர்; விண்கலமாகவும் பேசுவர். பொருளைப் பேசவைக்கும் இப்பயிற்சியில், அக்கலத்தினுள் அமர்ந்து செல்பவரைப் பேசவைப்பது அரிதாகவே நிகழ்கின்றது. ரஜுலாவிலும் சிதம்பரத்திலும் வந்தோர் பலர் பினாங்கில் முதியோராக நம்மிடையே உள்ளனர். தோட்டக்கூலியாகக் கடந்த தலைமுறை மறைந்துவிட்டது. தளப்பயணியாகக் கடந்த தலைமுறை இன்னும் முழுதும் மறையவில்லை. பல்கலைக்கழக மாணவர் அவர்களைக் கண்டு பதிவுசெய்தல் வேண்டும். அப்பதிவில் கடற்காய்ச்சலும் கப்பற்சோறும் தாமே வந்துவிடும். கேட்டறிய வேண்டியவை வேறு: பயணச்சீட்டுக்குப் பணம் கொடுத்தவர் யார், அது கடனா, கொடையா, கையிலிருந்தது ஒருவழிச் சீட்டா, இருவழிச் சீட்டா, இருவழிச் சீட்டெனில் மறுபாதி யாரிடம் இருந்தது.